மூடி திறந்த ஆந்தூரியத் தட்டுகள்

பாப்பா,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது.

அம்மா விட்டுப்போன ஆந்தூரியப் பூச்செடிக் கன்றுகள் துவண்டுவிட்டன. தட்டுகளின் பிளாஸ்டிக் மூடி உள்ளே வியர்த்து வழிந்தது. மூச்சு முட்டுமே என்று நேற்று நான்தான் மொத்தமாகத் திறந்து வைத்தேன். லேபில் திசு வளர்ப்புப் பாட்டிலில் பிறந்தவை, வெளிக்காற்று சட்டென்று ஆகாது, தினம் ஒரு விரல் அகலம்தான் திறக்கணும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மறந்துபோனேன். இப்போது மூடிவிட்டேன்.

"உங்களுக்கு இது கைவராதுப்பா, நர்சரிக்காரர்கிட்ட குடுத்துடுங்க" என்றாய். உன் மேல் எகிறினேன். நீ சொன்னதுதான் சரி. அவருக்குப் போன் பண்ணிவிட்டேன், பதினொரு மணிக்கு வருவார். "பொழைச்சா பாப்போம்ணே" என்றார். அதுவரை அடிக்கடி மூடியை லேசாகத் தூக்கித் தண்ணீர் தெளித்து உடனே மூடிவிடு. நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை, வேலைக்குப் போகிறேன்.

எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் எதையும் பிடுங்காதே.

அப்பா

ஒன்று விட்டுப்போச்சு. பாட்டிலிலிருந்து எடுத்து நட்டு எத்தனை நாள் என்று நர்சரிக்காரர் கேட்பார். பத்து நாள். அம்மா கண்ணை மூடியதற்கு முந்தின நாள் சாயங்காலம் நட்டாள்.