ஐந்து எண்ணி முடிக்கும் வரை

மதுரை,
12.8.1983

எல்லையை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் மீசை முறுக்கும் மாவீரர் மாப்பிள்ளை மலைச்சாமி அவர்களுக்கு, பேரையூர் வட்டாரத்துப் புளுகுச் சக்கரவர்த்தியான உங்க மச்சான் பேயாண்டி எழுதிக்கொண்டது.

யாருமே நம்பாத கதை ஒன்றை எழுதப்போகிறேன் என்று குலசாமி மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். நலம் என்று முதலில் எழுதுவது வழக்கம். அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். அன்னக்கொடி கொடுத்த தந்தி இந்நேரம் உங்க கையில் இருக்கும். உடனே வரவும் என்றும் ஒரு விலாசமும் மட்டும்தான் என் தங்கச்சி கொடுத்திருக்கிறாள். ஏன் என்று எழுத வேண்டியவன் நான்.

தை மாசம் நான் எழுதிய கடுதாசி ஞாபகம் இருக்கும். பால்வாடிக்கு ஒரு டாக்டரம்மா வந்தார்கள், ஐந்து வயசுப் பிள்ளைகள் தடுமாறாமல் நிற்கிறார்களா, நடக்கிறார்களா என்று பார்த்தார்கள் என்று எழுதினேன். தரையில் கிழித்த சாக்பீஸ் கோடு திருமங்கலம் தாண்டிப் போனது என்றேன். நம்ம முத்துத்தாய் அதில் சர்க்கஸ்காரி மாதிரி நடந்தாள் என்றேன். ஒற்றைக்காலில் அவள் நின்ற நிலைக்கு, ஐந்து எண்ண வேண்டிய டாக்டரம்மா ஐயாயிரம் எண்ணி நாக்கு வறண்டு, சோடா உடைத்துக் கொடுத்தோம் என்றேன். நீங்களும் சிரித்துவிட்டு லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். பிள்ளை அடிக்கடி விழுகிறாள் என்று அன்னக்கொடி எழுதியதால் கேட்டு வாங்கியிருந்த லீவு அது.

நடந்தது வேறு. கோட்டில் நாலு எட்டு வைப்பதற்குள் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தாள். மொக்கைச்சாமி மகன் நேராக நடந்துவிட்டான். சோணையம்மாள் பேத்தி, இம்புட்டூண்டு, அவளும் நடந்துவிட்டாள். ஊரே சுற்றி நிற்கிறது. பொம்பளைப் பிள்ளை, இன்றைக்கு ஒரு பேர் விழுந்தால் கல்யாணம் வரைக்கும் கூட வரும். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்தினாள். சபையில் அவளை விட்டுக்கொடுக்க முடியுமா? நானே கோட்டில் இறங்கிக் குடிகாரன் மாதிரி நடந்து காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், டாக்டரம்மாவும்தான். மாமனைப் பார்த்துப் பழகித்தான் பிள்ளை கோணலாக நடந்தாள் என்று ஆகிப்போனது.

ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது, அவளுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துப் பாவாடை நாடாவுக்குள் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்து எண்ணி முடிக்கும் வரை விடவில்லை. டாக்டரம்மா நோட்டில் சரி என்று எழுதினார்கள். அவள் எடை முழுக்க என் விரலில் இருந்தது மாப்பிள்ளை. அப்போதே எனக்குத் தெரியும்.

சித்திரையில் காலை எழுந்ததும் வாந்தி. பித்தம் என்றேன். ஆனியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டரே சரி என்று எழுதியிருக்கும்போது உனக்கென்ன என்று அன்னக்கொடி வாயை அடைத்ததும் நான்தான்.

முந்தாநாள் தலைவலி தாங்காமல் அழுதாள். இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம். பெரிய டாக்டரும் அவளை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அவள் காலைத் தூக்கவில்லை. திரும்பி என்னைத் தேடினாள்.

"மாமா, பின்னாடி வந்து நாடாவைப் பிடிச்சுக்க. அன்னைக்கு மாதிரி."

டாக்டர் என்னைப் பார்த்தார். அன்னக்கொடியும் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிலிருந்து என் கையால் ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கவில்லை.

தலைக்குள்ளே பின்பக்கம் கட்டியாம். மெட்ராஸுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யவேண்டுமாம். தை மாசமே தெரிந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் அதை முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகிறோம். நீங்க நேரே மெட்ராஸ் வந்துவிடுங்க, விலாசம் தந்தியில் இருக்கிறது. என்னை வெட்டினாலும் சரி, முகத்தில் முழிக்காதே என்றாலும் சரி. அது பிறகு. முதலில் பிள்ளை கட்டிலுக்குப் போங்க.

தை மாசக் கடுதாசியில் கோடு பொய், ஐயாயிரம் பொய், சோடா பொய். அடியில் இடமில்லாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி கிறுக்கியிருந்தேன். "அப்பா வரட்டும், அப்பாவுக்கும் நின்னு காட்டுறேன்" என்று முத்துத்தாய் சொன்னதாக. அது மட்டும் நிஜம் மாப்பிள்ளை. அவளே சொன்னது, நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. இன்றைக்குக் காலையிலும் சொன்னாள்.

வந்துவிடுங்க.

பேயாண்டி