சாம்பிளுக்குத் தனிப் பானை

மார்ச் 3

மறுபடி சப்ளையர் தேடல். பழைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போனை அணைத்துவிட்டார். ஆர்டர் என் இணையக் கடைக்கு வரும். சரக்கு சப்ளையர் கிடங்கிலிருந்து நேராக வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். நான் விற்பது குழந்தையை மார்போடு கட்டிச் சுமக்கும் பை. ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்ப்பதில்லை. யாரை நம்புவது? எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம். பாராட்டியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே எழுத்துப்பிழை.

மார்ச் 9

ஒருவர் கிடைத்தார். "நீங்க நிம்மதியா இருங்க மேடம், மிச்சத்த நான் பாத்துக்கறேன்." சாம்பிளும் வந்தது. தையல் கச்சிதம். என் வீட்டுக்காரர் அதில் மாவுப் பொட்டலங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டு, தட்டிக் கொடுத்தபடி வீடு முழுக்க நடந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மார்ச் 27

ஆர்டர்கள் வருகின்றன. பயமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 6

ஓர் அம்மா போன் செய்தார். க்ளிப் விட்டுப்போய்க் குழந்தை விழுந்திருக்கிறது. கட்டில் ஓரமாக நின்றிருந்ததால் மெத்தைமேல். அடியில்லை. அவர் திட்டவில்லை. "நீங்க இத கையில எடுத்துப் பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன் என்றேன். பொய்யில்லை. இல்லை — பொய்தான்.

சப்ளையரிடம் கத்தினேன். "எங்கயோ ஒண்ணு அப்படித்தான் மேடம். வேற அனுப்பிடறேன்."

ஏப்ரல் 8

என் கடையிலேயே அக்கா பெயரில் ஒன்று ஆர்டர் போட்டேன்.

ஏப்ரல் 15

அக்கா கொண்டுவந்தாள். துணி வேறு, தையல் வேறு. பலமாக ஒரு இழு, க்ளிப் கையோடு வந்துவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம். இந்த சப்ளையர் பதம் பார்க்கவே தனிப் பானை வைத்திருக்கிறான்.

"நிறுத்திடு" என்றார் இவர். அவர்மேல் பாய்ந்தேன். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானே? அதையும் விட்டுட்டு நான் என்ன பண்ண?

ஏப்ரல் 16

வேறொரு சப்ளையர், ஒரு பெண்மணி. கேட்டதுமே, "குழந்தைப் பை மட்டும் கேக்காதம்மா. எனக்கு வர்ற க்ளிப்ப எனக்கே நம்ப முடியல" என்றார்.

இத்தனை நாள் தேடியதில் உண்மை பேசிய ஒரே ஆள். அவரிடமும் எனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17

விற்பனையை மூடினேன். வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். "தயவுசெஞ்சு அதுல குழந்தைய வைக்காதீங்க." சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு எண் மட்டும் எடுக்கவேயில்லை.

ஏப்ரல் 21

எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை. என்னென்னவோ தோன்றுகிறது.

மே 4

பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை கிடைத்திருக்கிறது. கடைப் பக்கத்தையே அழித்துவிட்டேன்.

மாலை அந்த எண்ணைக் கூப்பிட்டபோது எடுத்தார்கள். வெளியூர் போயிருந்தார்களாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ, அத என் நாத்தனாருக்குக் குடுத்துட்டேனே."

"பரவாயில்லீங்க," என்றேன். "அவங்க நம்பர் சொல்லுங்க."