பச்சிங்கோவுக்குக் குண்டு ஏற்றும் மிஷின்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். இரண்டு பம்பு மோட்டார் காயில் கட்டி முடித்தாயிற்று, வார்னிஷ் காய வெயில் இல்லை.

இவர் திடீரென்று, "அந்தப் பச்சிங்கோவ உன் தம்பி எடுத்துட்டுப் போகட்டும். இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார். தம்பி குமரேசன் ஜப்பான் வேலையை விட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த விளையாட்டு மிஷின். பக்கவாதத்தில் வலக்கை போன பிறகு இவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. இடக்கையால் கைப்பிடியைத் திருப்பினால் இரும்புக் குண்டுகள் மேலே பாய்ந்து, ஆணிகளில் தட்டித் தட்டி விழும். கடைசியில் எல்லாம் அடிவாளிக்குள். அள்ளி மேல்தட்டில் கொட்ட என்னைத்தான் கூப்பிட வேண்டும். "சரசு, குண்டு." பட்டறையில் கை வேலையாக இருப்பேன். நேற்று, "செத்த நேரம் பொறுங்களேன்!" என்று கத்திவிட்டேன். அதுதான் காரணம். ஒரு தம்ளர் தண்ணீர்கூட யாரிடமும் கேட்காத மனுஷன். என் வாயைத் தைக்க வேண்டும்.

செம்பட்டியிலிருந்து தம்பி போன். "ஞாயித்துக்கிழமை வேனோட வாரேன்க்கா. பழனில ஒரு லாட்ஜுல கேட்டுக்கிட்டே இருக்காக."

எடுத்துவிடுவானா? பார்க்கலாம்.

அக். 8, புதன்

வாங்கியவை: லாரி வைப்பர் மோட்டார் (பழசு), மாவுமில் பெல்ட் துண்டு, தானாகத் தண்ணீர் விடும் குழாயின் சென்சார். ரவை அரைக் கிலோ. கலர் பாட்டில் மூடி இருபது, பெட்டிக்கடையில் சும்மாவே கொடுத்தார்கள்.

யோசனை இதுதான். பெல்ட்டில் மூடிகளைத் திருகாணியால் பொருத்த வேண்டும். மூடி வாளிக்குள் முங்கி, குண்டைத் தூக்கி மேல்தட்டில் கொட்டும். தட்டு நிறைந்தால் சென்சாரின் கண் குண்டைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும். குறைந்தால் மறுபடி ஓட்டம்.

இவரிடம் மூச்சு விடவில்லை.

அக். 10, வெள்ளி

ஓடிவிட்டது! பகல் பதினொன்றரை. இவர் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்த நேரம். ஒவ்வொரு குண்டாக ஏறி, தட்டு நிறைந்ததும் தானே நின்றது. எத்தனையோ வருடமாக மோட்டார் கட்டுகிறேன், எந்த மோட்டாரைப் பார்த்தும் இப்படித் தனியாகச் சிரித்ததில்லை.

புது மிஷின், வெள்ளிக்கிழமை வேறு. குண்டுகளை மறுபடி வாளியில் கொட்டிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, துணி போட்டு மூடினேன். சோற்றுக்கு வெஞ்சனம் வாழைக்காய்.

அக். 11, சனி

இவரை முன்னால் உட்காரவைத்து, துணியை எடுத்து, தட்டு காலி என்று காட்டி, சுவிட்சைப் போட்டேன். அசையவில்லை.

பேட்டரி சரி. ஒயர் சரி. மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் ஓடுகிறது. பிறகு என்ன கேடு?

"விடு சரசு. கெடக்கட்டும்." அந்த "விடு"வைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்படியில் போய் அழுதேன். ரசம் பொங்கி வழிந்தது.

அக். 12, ஞாயிறு

நல்ல வெயில். தம்பி ஒன்பதுக்கே வந்துவிட்டான். வேன், கயிறு, சாக்கு எல்லாம் தயார். மிஷினைச் சுற்றி வந்தவன் குனிந்து பார்த்தான்.

"ஏக்கா, இதென்ன பொட்டு?"

சென்சாரின் கண்மேலேயே என் சந்தனப் பொட்டு! குண்டு நிற்கிறது என்று நினைத்து மோட்டாரை ஓடவிடாமல் வைத்திருக்கிறது. ஊரார் மோட்டாருக்கெல்லாம் பழுது பார்க்கிற லட்சணம். ஈரத்துணியால் ஒரே துடைப்பு. ஏறத் தொடங்கிவிட்டன குண்டுகள்.

"கண்ணுலயே அப்பி வச்சா அது எப்பிடிக்கா பாக்கும்?" தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இவரும். இவர் சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை மாதம்! வேன் காலியாகத் திரும்பியது. ஜெயித்துவிட்டேன்.

மணி ஒன்று. "ஏங்க, சாப்பிட வாங்க."

"செத்த நேரம் பொறு!"

பொறுத்தேன். சோறு ஆறினால் ஆறட்டும்.

மணி மூன்று. பட்டறையில் இருந்தேன். "சரசு!" போச்சு, நின்றுவிட்டது. டெஸ்டரோடு ஓடினேன். பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தட்டு நிறையக் குண்டு.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா இங்கன உக்காரு. நான் ஆடுறதப் பாரு."

பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.