முகமூடியின் உள்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டால் "ஏதோ இருக்கேன்" என்பீர்கள், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. போனில் பேசினாலோ எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு எதையும் செய்வதில்லை. அதனால்தான் கடிதம். இதில் நழுவுவது கஷ்டம்.

விஷயம் இதுதான். அக்கா போக ஆசைப்பட்ட தீவு நகரத்துக்கு ஜூலையில் நாம் இரண்டு பேரும் போகிறோம். அவள் எத்தனை தடவை திட்டம் போட்டாள். ஒரு முறை பள்ளிக்கூடத்தில் லீவு தரவில்லை. ஒரு முறை உங்கள் படச்சட்டக் கடையில் வேலை. கடைசியில் அவள் உடம்பே படுத்துவிட்டது. அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இனி தள்ளிப்போட உங்களைத் தவிர ஆள் கிடையாது.

கடற்கரையில் படுத்துக் கிடக்க நாம் போகவில்லை. முதல் நாள் பழைய துறைமுகத் தெரு, துணியில் மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் பட்டறைகள். இரண்டாம் நாள் அரண்மனையின் ஆட்டக் கூடம், சாயங்காலம் அங்கேயே வெண்கல வாத்தியக் கச்சேரி. மூன்றாம் நாள் முழுக்க முகமூடி அருங்காட்சியகம். நான்காம் நாள் திரும்புகிறோம். அந்த ஊரில் மத்தியானம் ஆனால் மழை கொட்டுமாம். அதனால் தெருவெல்லாம் காலையில், கூரை உள்ள இடமெல்லாம் மதியத்துக்கு மேல். எங்கள் ஆலை பம்ப் ஹவுஸில் வேலையைப் பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறேன்.

முகமூடிகளுக்கு ஏன் முழு நாள் என்று கேட்க மாட்டீர்கள். பள்ளிப் பிள்ளைகளோடு காகிதக்கூழில் முகமூடி செய்துகொண்டே அவள் சொன்னது உங்களுக்கும் தெரியும். "முகத்தைத்தான் ஊரே பாக்குதே. போட்டு ஆடினவனோட மூச்சு பட்ட பக்கம் எப்படி இருக்கும்னு பாக்கணும்டா." எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இப்போதும் பாதி அப்படித்தான்.

சம்மதம் என்று ஒரு வரி போதும்.

உங்கள்,
அவசரம்

(அக்கா வைத்த பெயரை இப்போது கூப்பிட ஆள் இல்லை. நீங்களாவது கூப்பிடுங்கள்.)


பிப்ரவரி 2

அன்பு மாப்பிள்ளை அவசரத்துக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் யாராவது படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு கல்லூரிக்காரர்கள் பழைய முதல்வர்கள் எல்லாருடைய படத்துக்கும் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி முறைக்கிறார்கள். ஈரக்காற்றில் மரச்சட்டம் வீங்கி, மூலை சேர மாட்டேன் என்கிறது.

உன் திட்டத்தைப் பார்த்தேன். ஒழுங்கு என்றால் அதுதான். ஒன்றுக்குப் போகவும் நேரம் ஒதுக்கியிருப்பாயோ என்று தேடினேன். உன் அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஜூலை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தோள்பட்டை வேறு வலிக்கிறது. பார்க்கலாம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆலையில் ஹெல்மெட் போட்டுக்கொள்.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

நான் கேட்டது ஆமா, இல்லையா. வந்தது மரச்சட்டம் வீங்கிய செய்தி. வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டால் "அது பழைய வால்வு, பாவம்" என்று எங்கள் ஆலையில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

தோள் வலிக்கு டாக்டரைப் பாருங்கள். கடைக்கு ஒரு வாரம் பூட்டுப் போடுங்கள், பழைய முதல்வர்கள் எங்கும் ஓடிவிட மாட்டார்கள். நான் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு டிக்கெட்டும் போட்டாயிற்று.

இன்னொன்று. இதை ஒரு தடவைதான் எழுதுவேன். அக்காவைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை அத்தான். அம்மாவிடம் பேச்செடுத்தால் அழுகிறாள். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. நாலு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேச வேண்டும். திட்டம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேலே அடித்த பெயிண்ட்.

உங்கள்,
அவசரம்


பிப்ரவரி 26

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ கடைசியில் எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன். எனக்கும் அப்படித்தான்.

ஒன்று கேட்கலாமா? நாம் மூன்று பேராகப் போனால் நீ பார்த்து வைத்த விடுதியில் தங்க வசதி இருக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இல்லை என்றாலும் பாதகமில்லை.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பாடா, வருகிறீர்கள். அதை நேராகச் சொன்னால் என்ன?

மூன்று பேர் தங்கலாம். விடுதிக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுத் தருவார்கள். அகலம் குறைவு, புரண்டு படுக்கிற ஆளுக்கு ஆகாது. உங்கள் அண்ணன் என்றால் மன்னிக்கவும், அவர் குறட்டைக்கு எங்கள் டீசல் பம்ப் தேவலை. கடையில் கண்ணாடி வெட்டும் பெரியவர் என்றால் எனக்குப் பூரண சம்மதம். அவர் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை.

யார் என்று எழுதுங்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லட்டுமா, சுவர்ப் பக்கமா?

உங்கள்,
அவசரம்


மார்ச் 15

அன்பு மாப்பிள்ளைக்கு,

மடக்குக் கட்டில் வேண்டாம்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மாவை நீ பார்த்திருப்பாய். உன் அக்காவுக்கு மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அன்று அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இதை நீ நம்ப வேண்டும்.

போன வருடம் அவர் என் கடைக்கு ஒரு படத்தோடு வந்தார். அவருடைய கல்யாணப் படம். எப்போதோ விவாகரத்து ஆகிவிட்டது. "படம் வேணாங்க. சட்டம் நல்ல மரம். அதுல முகம் பாக்கற கண்ணாடியா போட்டுக் குடுங்க, தலை வாரிக்கறேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் எத்தனை நாளாயிற்று என்று உறைத்தது. இன்னொரு நாள் நான் பட்டறை மேஜையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவதைப் பார்த்து, "உக்காந்து சாப்பிட்டா யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். நான் அப்படிச் சாப்பிடுவது அதுவரை எனக்கே தெரியாது.

ஏப்ரலில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறோம். உன்னிடம் சொல்லாமல் போட மனசு வரவில்லை. உன் அம்மாவிடம் நானே நேரில் வந்து சொல்கிறேன். அந்த ஊருக்கு அவரையும் அழைத்துப் போகலாமா என்றுதான் அன்று கேட்டேன். கேட்டது தப்பென்றால் தப்புதான்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல ஜனவரியிலிருந்து சுற்றி வந்திருக்கிறீர்கள். நான் மடையன் மாதிரி கட்டிலின் அகலம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளுங்கள். தடுக்க நான் யார்? ஆனால் இது அக்கா போட்ட பயணம். அவள் உட்கார வேண்டிய இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நான் வழி காட்ட முடியாது. அவளைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டேன். அவர் முன்னால் என்ன பேசுவது?

டிக்கெட்டை ரத்து செய்கிறேன். பதில் வேண்டாம்.


ஏப்ரல் 24

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

கையெழுத்துப் போட்டாயிற்று. உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அழுதார்கள், பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

உன் அக்காவின் படம் நம் வீட்டுக் கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆணி தளர்ந்திருந்தது, மாற்றி அடித்தேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது அவர்தான். "கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்று சொன்னதும் அவர்தான்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 12

அன்புள்ள அத்தானுக்கு,

டிக்கெட் போடும்போது கேட்காத உங்கள் பாஸ்போர்ட் எண்ணை ரத்து செய்யும்போது கேட்டார்கள். உங்களோடு பேச எனக்கு விருப்பமில்லை. நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போன் செய்தேன். கண்ணாடி வெட்டும் பெரியவர் எடுத்தார். எண் தனக்குத் தெரியாது என்றார். வைக்கப் போனேன். நான் கேட்காமலே, "மொதலாளி இப்பல்லாம் உக்காந்து சாப்பிடறாரு தம்பி" என்றார். பிறகு வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் பேசிய ஒரே பேச்சு அது.

அதற்குப் பிறகு நான் ரத்து செய்யவில்லை. அக்கா இருந்தபோது உங்கள் பக்கத்தில் தட்டை வைத்து, உங்களை இழுத்து உட்கார வைப்பாள். அவள் போன பிறகு நான் உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறேன். நீங்கள் நின்றபடி சாப்பிட்டதை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

என் டிக்கெட்டை விட்டுவிட்டேன். அதே விமானத்தில் அவருக்கு ஒன்று போட வேண்டும். அவருடைய விவரங்களை அனுப்புங்கள். விடுதியில் அறையை மாற்றிவிட்டேன், மடக்குக் கட்டில் இல்லை. ஆட்டக் கூடத்தில் இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கத்தில் தூண் மறைக்கிறது. அவரை வழுக்காத செருப்பு எடுத்துவரச் சொல்லுங்கள். துறைமுகத் தெரு முழுக்கக் கல் பாவியது, மழையில் பாசி பிடித்திருக்கும்.

மூன்றாம் நாளை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். முகமூடிகளை நீங்கள் பார்க்க வேண்டாம். அதை நான் பிறகு தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இப்படிக் கேட்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறேன்.

வாசலில் ஒன்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். அவர்கள் இணையதளத்தில் எல்லாம் முகம் முகமாகத்தான் போட்டிருக்கிறார்கள். உள்பக்கத்தைப் பார்க்க முடியுமா? மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன், பதிலே இல்லை. ஆமா, இல்லையா. அது போதும்.

உங்கள்,
அவசரம்


ஜூலை 18

அன்பு மாப்பிள்ளை அவசரத்துக்கு,

ஆமாம்.

இனி நான் என் வழக்கப்படி எழுதலாம் அல்லவா? இன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குக் கிளம்பும்போது விசாரித்துக்கொள்ளலாமே என்றேன். "உங்க மச்சினன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மழைன்னு சொல்லுவீங்களா?" என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

வாசல் காவலருக்கு நம் பேச்சு புரியவில்லை, அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை. கடைசியில் நான் என் முகத்தைக் கையால் மூடி, அதை அப்படியே கழற்றுவதுபோல எடுத்து, திருப்பி உள்ளங்கையைக் காட்டினேன். அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தானும் ஒன்றைக் கழற்றி நடு வாசலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி நடந்து காட்டினார். கண்ணாடிப் பெட்டிகள் சுவரோடு ஒட்டி இல்லை, கூடத்தின் நடுவில் இருக்கின்றன. சுற்றிவந்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. இத்தனையும் படியில் நின்றே தெரிந்துகொண்டோம். உள்ளே போகவில்லை. இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தபடி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனியாகப் போய்ப் பார்க்கிறேன் என்றாய். போய் வா, அது சரிதான். ஆனால் திரும்பும்போது நேராக வேலைக்கு ஓடாமல் நம் வீட்டுக்கு வா. படத்தின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அதன் முதுகைப் பார்த்து ஆணி அடித்த நேரம்தான் எனக்கு அதிகம். உன் அக்கா தேடிய உள்பக்கம் எப்படி இருந்தது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். அன்று வீட்டுக் கூடத்தில் நாம் இரண்டு பேர் மட்டும் இருப்போம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மெதுவாகச் சொல்லலாம். நான் உட்கார்ந்துதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் அத்தான்