ரெண்டாம் தண்ணி

இந்த வருஷம் மழை தானாகவே வந்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை. யாரும் அதற்காகப் பணம் சேர்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அடித்துப் பெய்தது. அடுத்த வாரமே மலை முழுக்கக் காப்பி பூத்துவிட்டது. இன்று காலை நாகலூர் பஸ் மலையேறி ஒண்டிக்கடை நிறுத்தத்தைத் தாண்டியதும் அந்த வாசனை உள்ளே வந்தது. மல்லிகை போல, ஆனால் அதைவிடக் கனமாக. பக்கத்தில் இருந்த அம்மாள், "நொம்ப வாசமுங்க, இல்லீங்களா?" என்றார். நான் ஜன்னலை இழுத்து மூடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மழை மேல் கோபப்படுவது முட்டாள்தனம். தெரியும். ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் இது எங்கே போயிருந்தது?

உன் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கிறேன். இதை உன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே உங்கள் காப்பிச் சரிவு, சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் கீழே செடிகள். எல்லாம் வெள்ளை. கண்ணாடியைத் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். இனி இங்கே செய்ய எதுவும் இல்லை, ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். உன் அப்பா அதைச் சேலத்தில் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். ஆள்கணக்கு சொல்கிற அதே குரலில் சொன்னார். அவர் போன பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐந்து ரோட்டில் ஒரு மாடியில் புதிதாக வந்திருந்த பிரௌசிங் சென்டருக்குப் போய் நம் கல்லூரி வகுப்பு ஆட்களுக்கு ஒரு மெயில் அனுப்பினேன்.

அதில் பாதிப் பேர் அப்போதே அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடுமாம். அதைச் சரிசெய்கிற வேலை. நாளைக்கு வரப்போகிற கோளாறுக்கு இன்றைக்கே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொல்லிச் சிரித்தாய்.

உனக்காக ஆளாளுக்குப் போட்ட பணம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது. அதில் குறை சொல்ல முடியாது. நியூஜெர்சியில் இருந்த முரளி பொறுப்பெடுத்துக்கொண்டான். வகுப்பில் சுற்றுலாவுக்குப் பஸ் பிடிக்கிறதும் அவன்தானே. "வைத்தியத்துக்கு இனி வழியில்லை என்பதால் கடைசியாக அவளுக்கு ஒரு சந்தோஷம் கொடுப்போம்" என்று எல்லோருக்கும் எழுதியிருந்தான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து உனக்கு வாசித்தேன். அந்த வரியை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். தோன்றவில்லை.

"அந்தக் 'கடைசியாக'வ எடுக்கச் சொல்லுடி. எனக்கே தெரியும்."

பிறகு யோசனைகள் வந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கட்டுப் பிரிண்ட்டோடு வருவேன். கன்னியாகுமரிக்கு ஏசி கார். சாய்ந்து படுக்கிற தோல் நாற்காலி. பெரிய டிவி. ஒருத்தி, ஊட்டிக்குக் கூட்டிப் போனால் மலைக்காற்று நல்லது என்று எழுதியிருந்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஐயோ, சிரிக்க வெக்காதடி, வலிக்குது. ரெண்டு வருஷம் இவகூட சாப்பிட்டேனே, நான் எங்கிருந்து வந்தேன்னு நெனச்சிக்கிட்டிருந்தா?"

உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரம் யானை என்றாய். அடுத்த வாரம் முரளிக்குக் கொஞ்சம் மூளை என்றாய். எனக்கு எரிச்சல். அங்கே மோடம் கீச்சிட்டு, பாதி மெயிலில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்கிறவள் நான். இவள் யானை கேட்கிறாள்.

அப்போதுதான் முரளிக்கு அது ஞாபகம் வந்தது. கல்லூரியில் ஒருநாள் காப்பி பூக்கிறதைப் பற்றி நீ சொன்னாயாம். காலையில் எழுந்து பார்த்தால் மலையே வெள்ளையாக இருக்கும் என்று. அதை அவளுக்குக் காட்டுவோம் என்று எழுதினான். அந்த மார்ச்சில் ஒரு பொட்டு மழை இல்லை. மொக்குகள் தீக்குச்சித் தலை மாதிரி செடியோடு ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. மழை இல்லாவிட்டால் என்ன, இஞ்சின் வைத்து ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடித்தால் பூக்கும் என்று யாரையோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தான். பக்கத்து எஸ்டேட் குட்டையில் தண்ணீர் இருந்தது. இஞ்சினும் குழாய்களும் வாடகைக்குக் கிடைக்கும்.

இதைக் கொண்டுவந்து வாசித்தபோது நீ கேலி செய்யவில்லை. முதல்முறையாக. ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாய். வேண்டும் என்பது உன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்பது உனக்குப் பிடிக்கவில்லை.

"அறிவுகெட்டவன்," என்றாய். "பூத்தா மட்டும் போதுமா?"

சேலத்துக்காரி நான். எனக்குத் தெரியாது. நீதான் சொன்னாய். மொக்காக இருக்கிறவரை செடி மழைக்காகக் காத்திருக்கும். இழப்பு இல்லை. ஒரு தடவை நனைந்து பூத்துவிட்டால் திரும்ப முடியாது. மூன்று வாரத்துக்குள் இரண்டாவது தண்ணீர் கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது, எல்லாம் கருகி உதிரும், அந்த வருஷம் காய் இல்லை. அந்தச் சரிவைத் தவிர உன் அப்பா அம்மாவுக்கு வேறொன்றும் இல்லை. "எனக்கு ஒருநாள் பூவக் காட்ட அவங்களுக்கு ஒரு வருஷத்த அழிக்கறதா?" என்றாய்.

அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, பண்ணலாங்களா?" என்று அவரைக் கேட்டாய். வேண்டாம் என்று அவர் சொல்லவேண்டும் என்பது போலக் கேட்டாய்.

"பண்ணலாம் சாமி."

"காயி?"

"காயி கெடக்குது, வுடு."

அவ்வளவு சீக்கிரம் அவர் சொன்னதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாய். "எழுதுடி. ரெண்டு தண்ணி. மொதத் தண்ணி எனக்கு, பூவுக்கு. ரெண்டாம் தண்ணி எங்கூட்டுக்கு, காய்க்கு. ரெண்டும் சேந்து வந்தா வரட்டும். இல்லாட்டி ஒண்ணுமே வேண்டாம்."

எழுதினேன். அங்கிருந்து வந்த பதில்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். இரண்டாவது தண்ணீர் எப்போது என்று கேட்டார்கள். சொன்னேன். 'அதற்குள் அவள்' என்று ஒருவன் ஆரம்பித்து மூன்று புள்ளி வைத்திருந்தான். நாம் சேர்த்தது அவளுடைய சந்தோஷத்துக்கு, விவசாயத்துக்கு இல்லை என்று ஒருத்தி. அவள் பார்க்கப்போவதே இல்லாத தண்ணீர் எப்படி அவளுக்குப் பரிசாகும் என்று இன்னொருவன், நான்கு பத்தி. நன்றாகத்தான் எழுதியிருந்தான். கடைசியில் முரளி "சரி சரி, இரண்டும் செய்வோம்" என்று முடித்தான்.

"ரெண்டு 'சரி' போட்டிருக்கானா?" என்றாய். "அப்போ தரமாட்டான். மெட்ராஸ் டூருக்கும் இப்படித்தான் சரி சரின்னான்."

ஆனாலும் ஒத்துக்கொண்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இஞ்சின் வந்தது. பகல் முழுக்க டீசல் புகை, தடதடப்பு. ஸ்பிரிங்ளர்கள் சுற்றிச் சுற்றி நனைத்தன. கோயிலில் அந்த ஞாயிறு மழைக்காக ஜெபம் வைத்தார்கள் என்று அம்மா சொன்னார். "ஜெபத்தையும் ஓட்டுங்க, இஞ்சினையும் ஓட்டுங்க. எது மொதல்ல புடிக்குதுன்னு பாக்கலாம்," என்றாய். அம்மா உன் வாயில் லேசாகத் தட்டினார்.

ஒன்பதாம் நாளா, பத்தாம் நாளா. காலையில் வந்தேன். வளைவு திரும்பியதும் தெரிந்தது. சுற்றிலும் மலை காய்ந்து கிடக்க, உங்கள் சரிவு மட்டும் வெள்ளை. யாரோ ஒரு போர்வையைத் தவறான இடத்தில் உலர்த்தியது போல. ஓடி வந்தேன். உன்னை நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்.

நீ வாந்தி எடுத்தாய்.

மருந்தா, வியாதியா, அந்த வாசனை உன் வயிற்றைப் புரட்டியது. "மூடுடி. நாறுது. மூடித் தொல." அம்மா ஜன்னலைச் சாத்தினார். அமெரிக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து அனுப்பிய வாசனை. எனக்கு யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தாய். நீண்ட நேரம். தேனீக்கள் மொய்த்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது," என்றாய். ஏதோ புடவைக் கடையில் சொல்வது போல.

அன்றைக்கே முரளியின் மெயில். அவள் என்ன செய்தாள், எப்படி இருந்தது, போட்டோ அனுப்பு. என்ன எழுத என்று கேட்டேன்.

"அழுதேன்னு எழுது."

"நீ எங்கடி அழுத?"

"ஆனந்தக் கண்ணீர்னு எழுது. வாசத்த இழுத்து இழுத்து மோந்தேன்னு எழுது. அப்பத்தான் ரெண்டாம் தண்ணிக்குக் காசு வரும்."

எழுதினேன். எல்லோரும் உருகிப்போய்ப் பதில் போட்டார்கள். பணம் வரவில்லை.

பூ வாடிப் பழுப்பாக உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் நீ போனாய். மலைமேல் கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைக் கொண்டுபோகிற வழியிலேயே அப்பாவின் கண் ஒருமுறை செடிப் பக்கம் போய்த் திரும்பியது. நான் பார்த்தேன். அதற்காக அவர் வெட்கப்பட்டதையும் பார்த்தேன்.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். இரங்கல் மெயில்கள். உன் புன்னகையைப் பற்றி. நீ எங்கே புன்னகைத்தாய், நீ வாய்விட்டுத்தான் சிரிப்பாய். ஐந்தாறு நாள் கழித்து முரளி, மீதிப் பணத்தை அவள் பெயரில் ஏதாவது ஒரு புற்றுநோய் அமைப்புக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தான். எல்லோரும் அருமையான யோசனை என்றார்கள்.

நான் எழுதினேன். இரண்டாம் தண்ணீர். கரண்ட் போனது. மறுபடி எழுதினேன். நாள் நெருங்குகிறது, மழை இல்லை, பிஞ்சு கருகிவிடும். முரளி, உன் துக்கம் புரிகிறது என்று பதில் போட்டான். துக்கமா? தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன், துக்கம் புரிகிறதாம்! கடைசியில் எல்லோருக்கும் உண்மையை எழுதினேன். அவள் அழவில்லை. வாந்தி எடுத்தாள். அழுததாக எழுதச் சொன்னதே இந்தத் தண்ணீருக்காகத்தான். அவளாக உங்களிடம் கேட்டது எதுவுமில்லை, இது ஒன்றைத் தவிர.

இரண்டு நாள் கழித்து, நான் இருக்கிற நேரம் பார்த்து முரளி சென்டருக்கே போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "இதை முதல்லயே புரியற மாதிரி சொல்லியிருக்கலாமே," என்றான். எத்தனை தடவை சொன்னேன் என்று கத்த நினைத்தேன். வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். "பணம் அனுப்பு," என்று மட்டும் சொன்னேன். அனுப்பினான்.

மறுபடி இஞ்சின். காலையிலேயே ஆரம்பித்தார்கள். மத்தியானம் வரை வெயில் கொளுத்தியது. அப்புறம் மேற்கே கருத்தது. நான் மனசுக்குள் வேண்டாம் வேண்டாம் என்றேன். ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு கொட்டியது, நாகலூரே தெரியாத அளவுக்கு. ஒரு மாதம் காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்காத மழை, எங்கள் பைப் எல்லாம் போட்டு முடித்த அன்றைக்கு வருகிறது. நான் வாசலில் நின்று அழுதேன். ஆத்திரத்தில். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

இஞ்சின்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "ரைட்டரய்யா, மழயே ஊத்துதுங்க. நிறுத்திப் போடட்டுங்களா? டீசல் வீணுங்க."

அப்பா நனைந்தபடி சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடட்டுங்க," என்றார். "அது மழத் தண்ணி. இது எம்புள்ள குடுத்தது."

டீசல் தீருகிறவரை ஓடியது. மழைக்குள் ஸ்பிரிங்ளர்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

காய் பிடித்தது. கார்த்திகையில் பழம் பறித்தார்கள். அப்பா எனக்கு ஒரு பை தூள் கொண்டுவந்து கொடுத்தார். தீர்ந்துவிட்டது. நல்ல காப்பிதான்.

போன வாரம் முரளி எழுதியிருந்தான். உன் நினைவாக வருஷா வருஷம் ஏதாவது செய்யவேண்டுமாம். இந்த வருஷம் நம் கல்லூரியில் உன் பெயர்ப் பலகையோடு மரக்கன்றுகள். பணம் சேர ஆரம்பித்துவிட்டதாம். நான் ஒரே வரி பதில் போட்டேன்: நட்டுவிட்டுப் போன பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது?

இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டேன். யாராவது எதையாவது கொடுக்கிறார்கள் என்றால், கல்யாண வீடானாலும் சரி, கோயில் திருப்பணியானாலும் சரி, என் வாயில் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. கேட்டுவிடுகிறேன். யாருக்கும் பிடிப்பதில்லை. உன்னிடமிருந்து தொற்றிக்கொண்டது.

முரளியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. "சரி சரி" என்று வந்தால் விடமாட்டேன்.