சூட்டில் போன வெளிச்சம்

ஜூன் 9, திங்கள்

காலையில் மலைப்பக்கம் கருக்கல். சாரல் விழும் என்று குடை எடுத்துப் போனேன். விழவில்லை. குடையைத் தூக்கிச் சுமந்ததுதான் மிச்சம்.

மில் பஞ்சு குடோன், 11 மணி ரவுண்டு. டார்ச் மறுபடியும் மங்கல். குடோனுக்குள் ஒயரிங் கிடையாது. பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் மில்லே போச்சு. அதனால் பட்டப்பகலிலும் டார்ச்தான். நாற்பது நிமிஷம் முழு வெளிச்சத்தில், ஹையிலேயே போட்டு, பஞ்சுப் பொதிகளைப் பேல் பேலாக அடித்துப் பார்த்து, எங்கேயாவது புகை, கருகல் வாடை இருக்கிறதா என்று சுற்றி வர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஆறு வருஷமாக இந்தக் காவல் வேலை.

இன்று லாட் நம்பர் 318ஐ 313 என்று எழுதிவிட்டேன். குடோன் கிளார்க் சண்முகம் ஒன்றும் சொல்லாமல் திருத்திக்கொண்டான். ஒன்றும் சொல்லாததுதான் எரிச்சல்.

இடது தோள் பேலில் இடித்தது. இந்த வாரம் மூன்றாவது தடவை. அடுக்குகிற ஆட்களுக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியவில்லை. பட்டாளத்தில் இப்படி அடுக்கியிருந்தால் தெரியும் சேதி.

கண் எரிச்சல் இல்லை. சொட்டு மருந்து போடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கோபாலுக்குப் போன் போட்டேன். விஜயாவின் தம்பி, என் மச்சினன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எலக்ட்ரிகல் கடை. போன தீபாவளிக்கு அவன் கொடுத்த டார்ச்தான் இது. அவன் சொன்னது அப்படியே:

"அத்தான், நீங்க ஹையில அம்புட்டு நேரம் போட்டா சூடு ஏறத்தான் செய்யும். சூடு ஏறுனா எல்.இ.டி. போயிரும். ஒரேயடியாப் போகாது. கொஞ்சங் கொஞ்சமா மங்கும்."

"எம்புட்டு நேரம் வேணாலும் போடலாம்னு நீதானப்பா சொல்லிக் குடுத்தே?"

யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கிற சத்தம். பிறகு, "கொண்டாங்க, பாக்கேன்."

லடாக்கில் என்னிடம் இருந்தது மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற தகர டார்ச். ஒன்பது வருஷம். பனியில் விழுந்தது, லாரிச் சக்கரத்தில் மாட்டியது, சாகவில்லை. இது எட்டு மாசம் தாங்கவில்லை.

விஜயா சப்பட்டை மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். நல்ல இனிப்பு. கொடுத்துக்கொண்டே, "டார்ச்சுக்கு மட்டுமா சூடு? உங்க உடம்புலயுந்தான் சூடு. கண்ணுல சொட்டு விட்டீகளா?"

"எரியல."

"எரியலன்னாலும் விடணும்."

தை மாதம் கண்ணாடி மாற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாங்கிய மருந்து. அன்றிலிருந்து ராத்திரிதோறும் இதே பாட்டு. நோய் இல்லாதவன் எதற்கு மருந்து போட வேண்டும்? போடவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஓய்வு நாள். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஜன்னலோரம் கிடைத்தது. ரோட்டில் காற்று தள்ளுகிறது.

கோபால் கடையில் ஒரு மணி நேரம். டார்ச்சைக் கழற்றினான். பாகம் பாகமாகக் காட்டினான்.

- பல்பு இருக்கிற சின்னத் தகடு. சூடு முதலில் ஏறுவது அதில்.
- தகட்டுக்கு அடியில் வெள்ளைப் பசை. சூட்டை வெளிக்கூட்டுக்குக் கடத்துவதற்கு. காய்ந்துவிட்டது என்றான்.
- கழுத்தில் வரி வரியாக வெட்டு. காற்றுப் பட்டு ஆறுவதற்கு. அதில் பஞ்சு அடைத்துக் கிடந்தது. இது என் தப்பு.

பழைய பசையை வழித்துப் புதுப் பசை வைத்தான். பல் குச்சியால் வரிக்குள் இருந்த பஞ்சை எடுத்தான். நகை செய்கிற ஆசாரி மாதிரி அவ்வளவு கவனம். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. சுவரில் அடித்துக் காட்டி, "இப்ப எப்படி இருக்கு அத்தான்?" என்று என் முகத்தைப் பார்த்தான்.

"பரவால்லப்பா" என்றேன். உண்மையில் தேறவே இல்லை. முன்பு போல மங்கலாகத்தான் இருந்தது. ஆசையாகச் செய்தவன் மனசு நோகக் கூடாதே.

அதே மாடலில் புதுசு ஒன்றும் கொடுத்து, "இதையும் வச்சுப் பாருங்க" என்றான்.

ஜூன் 14, சனி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். விஜயா உச்சந்தலையில் வைத்து அரக்கிய அரக்கில் கழுத்தே உள்ளே போயிருக்கும். எல்லாம் சூடு போவதற்காம்.

பிறகு ஸ்டோர் ரூமைச் சாத்திக்கொண்டு பரீட்சை. புது டார்ச், முழு சார்ஜ், ஹை.

2 நிமிஷம் - கழுத்து வெதுவெதுப்பு.
5 - சூடு. பிடிக்கலாம்.
7 - பிடிக்க முடியவில்லை. துண்டு சுற்றிப் பிடித்தேன். இன்னும் சூடு. துண்டை எடுத்துவிட்டேன்.
8 - தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது.
டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தேன். சற்று நேரத்தில் வெளிச்சம் ஏறியது.

ஆக, சூடு தாங்காவிட்டால் அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆற வைத்தால் திரும்பி வருகிறது. இப்படிப்பட்டது எட்டு மாசத்தில் எப்படிப் போகும்?

இரண்டையும் ஆற வைத்து, பக்கத்தில் பக்கத்தில் சுவரில் அடித்தேன். இரண்டும் மங்கல்! புதுசும்!

கம்பெனியே டூப்ளிகேட். கோபாலுக்குத் தெரியாமலா இருக்கும்? இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவன். தெரிந்தேதான் எனக்கு ஒரு சொத்தையைக் கொடுத்து, இப்போது இன்னொரு சொத்தையைக் கொடுத்திருக்கிறான். அவன் கடை திறந்த நாளில் சட்டையைக் கழற்றிவிட்டு ரேக் அடித்துக் கொடுத்தவன் நான். விஜயாவிடம் சொன்னேன்.

"அவன் அப்படிச் செய்யமாட்டான்."

"செஞ்சிருக்கானே. கூடவே இருந்து குழி பறிக்கான் உன் தம்பி."

அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். கழுவப் பாத்திரமும் கிடையாது.

ஜூன் 16, திங்கள்

சாரல். மில்லுக்கு நனைந்துதான் போனேன்.

இரண்டு டார்ச்சையும் குடோன் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சண்முகத்திடம் என் மச்சினன் பெருமையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு செல்போனில் எதையோ இறக்கினான். வெளிச்சத்தை அளக்குமாம்.

"அண்ணாச்சி, ரெண்டையும் இங்கன காட்டுங்க. ஒரே தூரத்துல."

பழசு ஒரு எண். புதுசு ஒரு எண். பெரிய வித்தியாசம் இல்லை. இடம் மாற்றி அடித்தோம். அதேதான். அவன் டேபிள் விளக்கை அளந்தான், டார்ச் அதைப்போலப் பல மடங்கு.

"அப்ப டார்ச்சு போகல அண்ணாச்சி. ரெண்டுமே நல்லாத்தான் எரியுது." சொல்லும்போது போனைத்தான் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

4 மணி ரவுண்டில் குடோன் சுவரில் டார்ச்சை அடித்து வைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் மூடினேன். வட்டம். ஓரம் கொஞ்சம் மங்கல். வலது கண்ணை மூடினேன். வட்டத்தில் இடது பாதியைக் காணோம். கையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். காணோம்.

பேல்களை வரிசையாகத்தான் அடுக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர். தை மாதம் போன அதே கண் ஆஸ்பத்திரி. விஜயா பயந்துவிடக் கூடாது, முதலில் நான் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எவ்வளவு நல்லவன் நான்!

கவுண்டரில் இருந்த பெண், "கார்டு கொண்டு வரலையா? உங்களுக்கு ஃபைல் இருக்கே" என்றாள். கண்ணாடிக்குத்தானே வந்தேன், ஃபைல் எதற்கு என்றேன். உள்ளே அனுப்பினாள்.

டாக்டரம்மா ஏதேதோ மிஷினில் பார்த்தார். பிறகு: "சொட்டு மருந்து தினமும் விடுறீங்களா?"

"எரிச்சல் இருந்தா விடுவேன். சூட்டுக்குத்தான?"

பேனாவைக் கீழே வைத்தார். "சூட்டுக்கு இல்லைங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். ஒரு நாள்கூட விடாமப் போடணும்னு சொல்லியிருந்தேனே."

"யாருகிட்ட?"

"உங்க வீட்டம்மாவும் மச்சினரும் உள்ள வந்து கேட்டாங்க. நாங்க பக்குவமாச் சொல்லிக்கிறோம்னாங்க."

நான் அப்போது வெளியே பெஞ்சில். கண்ணை விரிக்க மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தேன்.

"போனது திரும்புமா?"

"திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்துத் தை மாதத்திலிருந்து புரட்டினேன். 'போடவில்லை', 'போடவில்லை', 'மறந்தது', 'போடவில்லை'. அறுபத்தொரு நாள்.

விஜயாவைக் கூப்பிட்டேன். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டாளத்த விட்டு வந்து எட்டு மாசம் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீக. சவரங்கூடச் செய்யல. இந்த வேலை கெடச்ச பொறவுதான் மனுசனா நடமாடுறீக. கண்ணுன்னு சொன்னா வேலைய விட்டுருவீக. மறுபடியும் அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"சொல்லியிருந்தா ஒரு நாள் விட்டிருப்பேனா? ஆர்டர்னா ஆர்டர். என்னையத் தெரியாதா உனக்கு?"

"தெனமும் கெஞ்சுனேனே."

"சூட்டுக்குன்னுதான கெஞ்சுன."

அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரக்கம் வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மருந்து போட்டேன். நானே.

ஜூன் 18, புதன்

கோபால் நாலு தடவை கூப்பிட்டான். ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"அத்தான், அக்கா சொன்னா..."

"அந்தப் பசை எதுக்குல வச்ச?"

கடை ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கற டார்ச்சக் கழத்தி, குச்சிய வச்சு நோண்டி, ஒரு மணி நேரம் நடிச்சியே. எதுக்கு?"

"நீங்க சந்தோசமாப் போனீக அத்தான்."

வைத்துவிட்டேன். உண்மைதான். சந்தோஷமாகத்தான் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மச்சினன் இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். விஜயாவைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். அந்தப் பசையை முடியாது.

சாம்பாரில் உப்பு இல்லை. இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஜூன் 19, வியாழன்

ஓய்வு நாளை மாற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு பஞ்சுக்குக் காவல் இருப்பது யோக்கியமில்லை. ஏமாற்றுகிற வேலையை என் வீட்டார் செய்யட்டும், நான் செய்யமாட்டேன்.

கடைசியாக ஒரு 11 மணி ரவுண்டு. தலையைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு பேலாக. நாற்பது நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு எங்கள் காவலாளி அறையில் உட்கார்ந்து மேனேஜருக்கு லெட்டர் எழுதினேன். நாலு வரி. அதற்கே அரை மணி.

முதலில் சண்முகத்திடம் சொல்லலாம் என்று குடோன் ஆபீஸுக்குப் போனேன். அவன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் பஞ்சு. மேஜையில் டார்ச். என்னுடையதை மறந்து வைத்துவிட்டேன் என்று நினைத்து எடுத்தேன். கழுத்து சுட்டது. என் டார்ச் என் பெல்ட்டில்தான் இருந்தது.

"இது யாருது?"

எழுந்து நின்றுவிட்டான்.

"என்னுதுதான் அண்ணாச்சி. கோபாலண்ணன் கடையில வாங்குனது."

"எதுக்கு?"

"நீங்க பாத்துட்டு வந்த பொறவு நானும் ஒரு தடவ போயிட்டு வருவேன். விஜயாக்காதான் போன் பண்ணிச் சொன்னாக. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. அதான் அன்னைக்குப் போன வச்சு அளந்து காட்டுனேன்."

"எப்ப இருந்து?"

"தை மாசத்துல இருந்து."

மேஜை மேல் ரவுண்டு ரிஜிஸ்டர் திறந்தே கிடந்தது. பக்கம் பக்கமாக என் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரில் என் கையாலேயே, "பார்த்தேன். எல்லாம் சரி."