கரித்தூளும் நௌரிஸ் கஞ்சியும்

மார்ச் 14
அல்மாட்டி முழுக்க அடுப்புப் புகை. மலையே தெரியவில்லை. நானும் கரியோடுதான் மல்லுக்கட்டுகிறேன். என் கரி ஆப்ரிகாட் கொட்டையைச் சுட்டுச் செய்தது, உள்ளெல்லாம் நுண்துளை. பிப்ரவரியில் அதில் ஒரு கிராம் 210 மில்லிலிட்டர் மீத்தேனைப் பிடித்து வைத்துக்கொண்டது. இதை அடைத்த சிலிண்டரில், குறைந்த அழுத்தத்திலேயே எரிவாயு நிரப்பிப் பேருந்து ஓட்டலாம்.

துறைத்தலைவர் துலேகென்: “அதே எண் இன்னொரு தடவை வரட்டும்மா குல்யாஷ். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா அனுப்பின கட்டுரைய வாபஸ் வாங்கிரு.”

மூன்று வருட உழைப்பு. வரும்.

மார்ச் 19
நாளை மறுநாள் நௌரிஸ், எங்கள் புத்தாண்டு. இன்றே ஆய்வகத்தில் கொண்டாட்டம், கஞ்சி என் பொறுப்பு. கோதுமை, குதிரைக்கறி, புளித்த பால் என்று ஏழு சரக்கு. காலையிலேயே கரித்தூளை வெற்றிடக் குழாயில் சூடேற்றப் போட்டுவிட்டேன். துளைகளில் ஏற்கெனவே புகுந்த ஈரம் வெளியேறினால்தான் மீத்தேனுக்கு இடம். கஞ்சிப் பானைக்கு மின்னடுப்பும் அந்த அறையில்தான், வேறெங்கே வைப்பது?

மார்ச் 20
118.

மார்ச் 24
விடுமுறை முழுக்க அந்த 118தான் மனசில். இன்று அளவீட்டுக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் சால்தனத்தின் மேல் பாய்ந்துவிட்டேன். “எடை தப்பாப் போட்டியா?” என்று.

“பதினேழு வருஷமா எடை போடுறேன்டி. உன் கரி சரியில்லேன்னா என் தலையில ஏன் கொட்டுற?” கதவு படாரென்று மூடியது.

அவள் தப்பு செய்கிறவள் இல்லையே. பிறகு ஏன் கத்தினேன்?

மார்ச் 25
சூட்டுப் பதிவைப் புரட்டினேன். 19ஆம் தேதி காலை 11.10 வரை இருநூறு டிகிரி. அப்புறம் சரிந்து அறைச்சூடு.

11.10 - பானை அடுப்புக்கு இடம் வேண்டி ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். மின்விசிறியுடையது என்று நினைத்து. அது கரிக்குழாயின் சூடேற்றியுடையது. ஐயோ, நானேதான்! கரி பாதி ஈரத்தோடு அளவீட்டுக்குப் போயிருக்கிறது.

மார்ச் 26
துலேகெனிடமும் சால்தனத்திடமும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். சால்தனத் முறைத்தாள்.

“அன்னிக்குச் சாயங்காலம் குழாய் ஆறிக் கெடந்துச்சு. நீதான் அணைச்சிருப்பேன்னு எடுத்துட்டேன். அநியாயமா என்னத் திட்டிட்டியே!”

“மன்னிச்சிரு.”

“கஞ்சி நல்லா இருந்துச்சு, மூணு கிண்ணம் குடிச்சேன். அதனால பொழச்ச. போ, தூளைப் போடு.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மார்ச் 28
208!

சுவரில் அந்தப் பிளக்குக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, சால்தனத்தின் கையெழுத்து: “குல்யாஷ் தொடக்கூடாது.” அதன் கீழே துலேகென் கையொப்பமிட்டு முத்திரையும் குத்தியிருக்கிறார்.